கதவைவிடப் பெரிய மேசை

பிப்ரவரி 3

ஐயா,

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாததால் ‘ஐயா’ என்று போட்டிருக்கிறேன். வங்கி மேலாளருக்கும் இப்படித்தான் எழுதுவேன். தனி மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு எழுதிப் பார்த்துவிட்டேன். பதில் இல்லை. போனில் என் எண்ணைப் பார்த்ததுமே துண்டித்துவிடுகிறாள். உங்கள் எண்ணும் என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் குரலைக் கேட்க எனக்கு மனமில்லை. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். நீங்களும் அம்மாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய அன்றே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். உடுத்திய துணியோடு என்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. என் சாமான்கள் எல்லாம் என் அறையிலேயே இருக்கின்றன. அவை எனக்கு வேண்டும். குளிர்காலத் துணிகள், கம்பளி, புத்தகங்கள், மெழுகு செதுக்கும் கருவிகள் இருக்கும் தகரப் பெட்டி. நான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். பல்லை முதலில் மெழுகில் செதுக்கித்தான் வடிவம் பார்க்க வேண்டும். இரவல் கருவியில் செதுக்கினால் யார் பல்லைச் செய்தாலும் கருவியின் சொந்தக்காரர் பல் மாதிரியே வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா செய்துகொடுத்த மேசை.

அந்த அறையை இதற்குள் நீங்கள் எதுவாக மாற்றியிருந்தாலும், என் பொருள்களை ஒரு மூலையிலாவது ஒதுக்கி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்போது, எப்படி எடுத்துக்கொள்வது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் மகள்


பிப்ரவரி 11

வணக்கம்மா.

‘நீங்கள்’ என்று எழுதினால் விலகிப் போகிறது. ‘நீ’ என்று எழுதினால் உரிமை எடுத்துக்கொள்வது போல் இருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே பதில் தள்ளிப்போய்விட்டது. வயதை முன்னிட்டு ‘நீ’ என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

உன் அறையை நான் எதுவாகவும் மாற்றவில்லை. உண்மையைச் சொன்னால் அதன் உள்ளே எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நீ போன அன்றே உன் அம்மா பூட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில் இருக்கிறது. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் திறந்து உள்ளே போவாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து பூட்டுவாள். உள்ளே என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கில் நாள் முழுக்கப் போர்வைகளையும் தலையணை உறைகளையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்த அலுப்பில் இருந்தாள். “சாமான் வேணும்னா சாமானுக்குச் சொந்தக்காரி வரட்டும். கட்டி அனுப்ப இது என்ன பார்சல் ஆபீஸா?” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு உன் அறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள்.

நான் வீட்டில் இருப்பதுதான் உனக்குத் தடை என்றால், நீ வரும் நாளில் நான் இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கட்டடத்திலாவது ஒரு லிஃப்ட் நின்றுபோகத்தான் செய்யும். நிற்காவிட்டாலும் போய்விடுகிறேன்.

கடிதம் போட்டது நல்லதாயிற்று. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

நீ என்னை ‘லிஃப்ட்காரர்’ என்று சொல்வாய் என்று கேள்விப்பட்டேன். லிஃப்ட் பழுது பார்ப்பதுதானே என் தொழில். அதையே கையெழுத்தாகப் போடுகிறேன்.

லிஃப்ட்காரர்


பிப்ரவரி 19

லிஃப்ட்காரருக்கு,

‘நீ’ என்றே எழுதுங்கள். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மா என் அறையைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்பதை நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. வாயையே பூட்டத் தெரியாதவள் அவள். சரி, வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் முதல் ஞாயிறு வருகிறேன். ஒரு சின்ன வேன் பேசியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி அன்று வீட்டில் இருக்க வேண்டாம். அம்மா இருக்கட்டும். என்ன திட்டுவதானாலும் நேரில் திட்டட்டும்.

மேசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது. அப்பா மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். தச்சுவேலைக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இடித்த வீடு ஒன்றின் பழைய கதவுகளை வாங்கி வந்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க என் அறையில் உட்கார்ந்து அறுத்து, ஒட்டி, ஆணி அடித்து முடித்தார். முடித்த பிறகுதான் தெரிந்தது, அறைக் கதவைவிட மேசை பெரிது என்று. “வீட்டுக்குள்ள உக்காந்து கப்பல் கட்டின ஆள் நீங்க ஒருத்தர்தான்” என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. “இருக்கட்டுமே. இவ இந்த வீட்டை விட்டு எங்க போகப் போறா?” என்றார்.

எப்படியாவது அதை வெளியே எடுக்க வேண்டும். வேன்காரர் கெட்டிக்காரர் என்று சொல்கிறார்கள்.

ராங்கி
(அம்மா வைத்த பட்டப்பெயர். இப்போது அதை அவள் சொல்வதுண்டா என்று தெரியாது.)


மார்ச் 8

லிஃப்ட்காரருக்கு,

அம்மாவும் வீட்டில் இல்லையே. இது உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் வரச் சொன்னீர்களா?

எதிர்வீட்டு அக்காதான் சாவி கொடுத்தாள். “உங்கம்மா டியூட்டி மாத்திக்கிட்டுக் காலையிலேயே போயிட்டாங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்காங்களாம், சொல்லச் சொன்னாங்க” என்றாள். பஸ்ஸில் வழி நெடுக வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன். சொல்ல எதிரே ஆள் இல்லை.

அறை திறந்திருந்தது. நான் விட்டுப் போனது விட்டபடியே இருந்தது. தலையணை உறை மட்டும் துவைத்து மாற்றியிருக்கிறது. ஜன்னல் கம்பியில் விரலால் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. உங்கள் சட்டை, செருப்பு, ஒரு திருப்புளி, ஏதாவது கிடக்கும் என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். கிடைத்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

துணி, புத்தகம், கருவிப் பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. மேசைதான் வரவில்லை. வேன்காரர் அதைப் படுக்கப் போட்டார், நிமிர்த்தினார், சாய்த்தார், கால்களை முதலில் விட்டுப் பார்த்தார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டா அறுத்துடலாம்மா. அங்க போய்ப் பட்டை வெச்சு அடிச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாது” என்றார். ரம்பத்தையும் வைத்துவிட்டார். பலகையில் அது பட்ட சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாள் முழுக்கப் பல்லை ராவுகிறவள் நான், எந்தச் சத்தமும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் முடியவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

வேன்காரர் ஹாரன் அடித்து அழைக்கும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடி வைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். சாப்பிடுவதற்குள் வந்துவிடுவாள் என்று மெதுவாகத்தான் சாப்பிட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

மேசையை வெட்டாமல் எடுக்க வழி ஏதாவது உண்டா? இயந்திரம் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பது?

ராங்கி


மார்ச் 17

வணக்கம்மா.

சத்தியமாக எனக்குத் தெரியாது. காலையில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் அடுப்படியில்தான் இருந்தாள். உனக்காகச் சமைக்கிறாள், மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பியபோது அவள் உன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “மேசையை ஏன் விட்டுட்டுப் போனா?” என்றாள். வாசல் வழியாக வராது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்குத் திக்குவாய். உனக்குத் தெரியுமோ என்னவோ. கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் உன் எதிரே நான் வாயைத் திறந்ததே இல்லை. நீ அதைத் திமிர் என்று நினைத்ததாக உன் அம்மா சொன்னாள். அப்படி நினைத்தது எனக்கு ஒரு வகையில் கௌரவமாகத்தான் இருந்தது.

நீ சாப்பிட்டதை நான் சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தட்டே சொல்லிவிட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அடியைத் தேய்க்கவே மாட்டா” என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள்.

இப்போது அறையைப் பூட்டுவதில்லை. முதல் தடவையாக நானும் உள்ளே போனேன். மேசையைக் குனிந்து, நிமிர்ந்து, அடியில் படுத்து எல்லாம் பார்த்தேன். பசையும் போட்டு, இரண்டு பக்கமும் ஆணியும் அடித்திருக்கிறார் உன் அப்பா. இதைப் பிரிக்க முடியாது. பிரிக்கவே கூடாது என்று நினைத்த ஒருவர் செய்த வேலை அது. யோசிக்கிறேன். அவசரப்பட்டு யாரையும் ரம்பத்தோடு அனுப்பிவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் பொருள்களை நீ கேட்டாய், நியாயம். உன் அம்மாவின் பொருள் ஒன்று உன்னிடம் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருந்த உன் அப்பாவின் படம். நீ போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போனாயாம். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. ஒரு நாள்காட்டியைக்கூட அதில் மாட்ட விடுவதில்லை. ஒரு தடவை சொன்னாள்: “அவளுக்கு மட்டும்தான் அவர் அப்பா, எனக்கு அவர் யாருமில்லைன்னு ஆயிடுச்சா? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா பழசெல்லாம் செல்லாதா?”

அவள் உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாதது என்னால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். என்னால் இல்லைம்மா. அந்த ஆணியால்.

படம் திரும்பி வந்தால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் இருந்த வீட்டுக்கு வந்தவன்தானே நான்.

லிஃப்ட்காரர்


மார்ச் 28

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சில நாள் சும்மா இருந்தேன். இதை அம்மா கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் அல்லவா கேட்டுவிட்டீர்கள். உங்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா படத்துக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், அதை அப்பா மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவரை அங்கே விட்டுவிட்டு வர முடியவில்லை. அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை.

நேற்று எங்கள் பல் செய்யும் கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். நேரே வரக்கூடாது, பல் மருத்துவர் மூலமாகத்தான் வர வேண்டும். காவலாளியோடு வாதாடி உள்ளே வந்துவிட்டார். அவருக்கு முன்பல் கட்டியிருந்தோம். வரிசை பிசகாமல் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அவர் அதைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, “நடுவுல ஒரு சந்து இருந்துச்சும்மா. அதைக் காணோமே. சந்து இல்லாம சிரிச்சா என் சம்சாரம் யாரோன்னு பாக்கறா” என்றார். மேலாளர் சிரித்தார். நான் வாங்கிக்கொண்டு போய் அந்தச் சந்தைச் செதுக்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஆங், இது நான்” என்றார்.

மேசை அங்கேயே இருக்கட்டும். அம்மா அந்த அறையில்தானே போய் உட்காருகிறாள். அவளுக்கும் ஏதாவது வேண்டும்.

இப்படி எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்காமல் கீழே இதையும் எழுதுகிறேன்: எனக்கு அது வேண்டும். இந்த அறையில் ஒரு கட்டில் இருக்கிறது, ஒரு அடுப்பு இருக்கிறது. அப்பா கை பட்டது எதுவும் இல்லை. மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அதனால்தான், வேறு காரணம் இல்லை.

ராங்கி


ஏப்ரல் 16

என்ன மனிதர் நீங்கள்?

வேலை முடிந்து வருகிறேன், மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வைகள் சுற்றி ஏதோ நிற்கிறது. கட்டில்தான் யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டு நிறுத்தினாள். “உனக்குத்தான் வந்திருக்கு. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க. யாருங்க நீங்கன்னு ஒருத்தரைக் கேட்டேன். சொல்ல ஆரம்பிச்சாரு, வரல. அப்புறம் சிரிச்சுட்டு, ‘மே... மேசை’ன்னாரு. தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு” என்றாள்.

போர்வையை விலக்கினேன். எங்கும் ஒரு கீறல் இல்லை. வேன்காரரின் ரம்பம் பட்ட இடத்தில்கூட மெழுகு வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். அக்காவின் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து மேலே ஏற்றிக் கொடுத்தார்கள். நல்லவேளை, இந்த வீட்டுக் கதவு இரட்டைக் கதவு.

எப்படி எடுத்தீர்கள்? சொல்லுங்கள். மந்திரமா? நீங்கள் ஏன் இருக்கவில்லை? கொஞ்ச நேரத்தில் நான் வந்திருப்பேனே. ஒரு டீ போட்டுக் கொடுக்கத் தெரியாதவளா நான்? அவ்வளவு மோசமாகவா என்னைப் பற்றி நினைத்திருக்கிறீர்கள்?

மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். இந்த முறை எழுத்து ஆடினால் பழிபோடப் பலகை இல்லை.

ராங்கி


ஏப்ரல் 22

வணக்கம்மா.

மந்திரம் இல்லை, சுத்தியல்தான். மேசையை வெட்ட மனம் வரவில்லை. சுவரை வெட்டலாம் என்று தோன்றியது. சுவரை எந்தக் கொத்தனாரும் திருப்பிக் கட்டிவிடுவார். அந்த மேசையைத் திருப்பிச் செய்ய ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை கதவைக் கழற்றி வைத்துவிட்டு, நிலையைப் பெயர்க்க ஆரம்பித்தேன். முதல் அடியிலேயே உன் அம்மா ஓடி வந்தாள். “என்ன பண்றீங்க? புத்தி கெட்டுப் போச்சா?” என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு வார்த்தை வரவில்லை. மேசையைக் கையால் காட்டினேன். அவள் மேசையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நான் தள்ளி நின்றேன். பிறகு சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சரி, படுத்து அழப் போகிறாள் என்று நினைத்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். “செங்கல்லை நான் எடுத்துப் போடறேன். மெதுவா அடிங்க, கட்டடமே எந்திரிச்சு வந்துடும்” என்றாள்.

ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவள். அப்படித்தான் மேசையை அகலமான வெளிவாசல் வழியாக எடுத்து மாடியிலிருந்து இறக்கினோம். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட்ட வைக்கிறவன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்பதைப் படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் மூச்சு வாங்க நின்றோம். மேசை விளிம்பைத் தடவினாள். “கனமா செஞ்சு வெச்சிருக்கார் மனுஷன்” என்றாள். “ஆமா” என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் உன் அப்பாவைப் பற்றி வந்த முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு கனம் குறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டாய். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ என்னைத் தப்பாக நினைப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது.

உன் அம்மாவும் வேனில் வந்திருந்தாள். உன் தெரு முனையில் நிறுத்தச் சொன்னாள். “நான் இறங்க மாட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது? அதுவும் அவ இல்லாத நேரத்துல” என்றாள். அங்கிருந்தே உன் ஜன்னல் எது என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அவளே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பச்சைத் துண்டு தொங்குதே, அதுதான். துண்டை இப்படிக் கோணலா உலகத்துல வேற யாரும் காயப்போட மாட்டாங்க” என்றாள்.

நீ வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டிக்கொண்டே இருந்தாள். வேன் திரும்பும்போது மட்டும், கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாள்.

லிஃப்ட்காரர்


ஏப்ரல் 29

தெரு முனை வரை வந்தாளா?

எந்த முனை? எங்கள் தெருவுக்கு இரண்டு முனை இருக்கிறது. சைக்கிள் கடை இருக்கிற முனையா, தபால்பெட்டி இருக்கிற முனையா? எழுதுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

இத்துடன் அம்மாவுக்கு ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். நிறைய எழுதிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் ‘வா’ என்ற ஒரே எழுத்துதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன்.

ராங்கி


மே 19

லிஃப்ட்காரருக்கு,

அம்மாவை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் பங்குக்கு எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். “குழாய் சொட்டுது” என்றாள். அதுதான் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பையை வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய் நூல் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு பாத்திரங்களைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், துண்டை எடுத்து நேராகப் போட்டாள். மேசைக்குப் பக்கத்தில் வரவே வெகுநேரம் ஆயிற்று. அதற்கு மேலேதான் அப்பா படத்தை மாட்டியிருக்கிறேன்.

நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றித் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். “உன்னுதும்மா” என்றேன். அவள் கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். பிறகு, “இங்கயே இருக்கட்டும். அவர் செஞ்ச மேசையை அவரே பாத்துக்கிட்டு இருக்கட்டும். எனக்கு இந்தப் படத்துல ஒரு காப்பி போட்டுக் குடு. பெருசா” என்றாள். போட்டு அனுப்புகிறேன். அந்த ஆணி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களை எப்படித் தெரியும் என்று இத்தனை நாளாக நான் அவளைக் கேட்டதே இல்லை. கேட்டேன். “லிஃப்ட் பாதியில நின்னு போச்சு. துணி வண்டியோட நான் உள்ள. இருட்டு. கத்தறேன், கதவைத் தட்டறேன், அழறேன். வெளியிலேர்ந்து இந்த மனுஷன், ‘ப... ப... பயப்...’ங்கறார். என்ன சொல்ல வர்றார்னு கேக்கறதுலயே அழுகை நின்னு போச்சு. ‘பயப்படாதீங்க’ன்னு முடிக்கறதுக்குள்ள கதவே திறந்துடுச்சு” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்பா போனதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை. திடீரென்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம், யாரோ அதட்டிய மாதிரி.

மத்தியானம் என் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனாள். நான் மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது இவ்வளவு நரைத்தது?

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கதவை நன்றாகத் தாழ் போடு என்றாள். முட்டை வாங்கி வைத்திருக்கிறேன், உடைத்துவிடாதே என்றாள். மெழுகுப் புகையை மூக்கருகில் வைத்துக்கொள்ளாதே என்றாள். எல்லாம் சொன்னாள். ‘வீட்டுக்கு வா’ என்று மட்டும் சொல்லவில்லை. இதோ சொல்லப் போகிறாள், பஸ் வந்ததும் சொல்வாள், ஏறும்போது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். ஆட்டவில்லை, சும்மா நீட்டியபடியே வைத்திருந்தாள். திருப்பத்தில் மறைந்துவிட்டது.

சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா, தெரியாது. வேலை இங்கேதான் இருக்கிறது. என் சாமான்களும் ஒன்று விடாமல் இங்கே வந்துவிட்டன. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ராங்கி


மே 27

வணக்கம்மா.

சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவும் என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, “இதை அவளுக்கு எழுதிடாதீங்க” என்றாள். பேச்சு வராதவனிடம் கொடுத்துவைத்தால் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறீர்கள். ஒருவர் சொன்னதையாவது நான் மீறித்தான் ஆக வேண்டும். அவளுடையதை மீறுகிறேன்.

அன்று பஸ் இறங்கி வந்தவள் சாப்பிடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். மாற்றுச் சேலை, போர்த்திக்கொள்ளும் சால்வை, பல்விளக்கும் பிரஷ். அடுத்த நாளைக்கு விடுப்பும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

“‘இன்னிக்கு இருந்துட்டுக் காலையில போம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். கூட நடந்து வந்தா, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக் குடுத்தா, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா. அதை மட்டும் சொல்லல” என்றாள்.

‘நீயே ஏன் கேட்கவில்லை?’ என்று அவளைக் கேட்டேன். “நான் எப்படிக் கேக்கறது? அது அவ வீடு” என்றாள்.

நான் மத்தியஸ்தம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு ‘ப’வைத் தாண்டுவதற்கே பாடுபடுகிறவன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. வாய் வராத நான் எப்படியோ முக்கி முனகிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வாய் நன்றாக வருகிற நீங்கள் இரண்டு பேரும் பஸ் வரும் வரை நின்று, சொல்லாமலே பிரிகிறீர்கள்.

அறைச் சுவரை இன்னும் கட்டவில்லை. கொத்தனார் வரட்டும், மணல் வரட்டும் என்று நாளைக் கடத்துகிறேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. கட்டில் மட்டும்தான் உள்ளே இருக்கிறது. தலையணை உறையை நேற்றுக்கூட மாற்றினாள்.

தபால்பெட்டி இருக்கிற முனை. நீ கேட்டபோதே எழுத மறந்துவிட்டேன்.

லிஃப்ட்காரர்


ஜூன் 2

உங்கள் கடிதத்தைத் தெருவில் நின்றே படித்தேன். படித்து முடித்தபோது வேலைக்குப் போக வேண்டிய பஸ் போய்விட்டிருந்தது.

அந்தப் பையை நிறுத்தம் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் வந்து போகிறவளுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றியது. என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்புகிறேன். நான் வருவது தெரிந்ததும் அம்மா மறுபடியும் டியூட்டி மாற்றிக்கொண்டு ஓடிவிட வேண்டாம். நீங்களும் ரயில் நிலையத்துக்குப் போய்விட வேண்டாம். இரண்டு பேரும் வீட்டில் இருங்கள்.

இந்த முறை வேன் எதுவும் பேசவில்லை. எடுத்துக்கொண்டு போக வரவில்லை, இருந்துவிட்டுப் போக வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ராங்கி